கட்டுமரமும் காசல்ரீக் காற்றும்

ஆங்கில மொழிக்குத் தமிழ் ஈந்த சொற்களை எண்ணிக் காட்டுவது நம்மவர்க்கு ஒரு தனி இன்பம். கறியும் சுருட்டும் மிளகுதண்ணீரும் அந்த வரிசையில் தவறாது இடம்பெறும். கட்டுமரமும் அவற்றோடு வந்து நிற்கும். பாடசாலை விழாவில் ஒரு மாணவன் இதனை ஒப்புவித்தானாயின் மண்டபம் கைதட்டும். கைதட்டுவதில் குற்றமில்லை. ஆயினும் சொல் போன வழியும் பொருள் போன வழியும் வெவ்வேறு என்பதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. இன்று உலகெங்கும் பந்தயக் களங்களில் அப்பெயர் தாங்கி ஓடும் கலம் நம் கட்டுமரம் அன்று. இரண்டு மெல்லிய உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து, நடுவே பாய்மரம் நாட்டி, காற்றைக் காட்டிலும் விரைந்து செல்லத்தக்க இரட்டைத் தோணி அது. நமது சொல் எங்ஙனம் அதன்மேற் போய் ஏறிற்று என்பதும், கடலே கண்ணுக்கெட்டாத இத்தேயிலை மலைகளில் அதுபற்றி எழுத எனக்கு என்ன வந்தது என்பதும் இக்கட்டுரையின் பொருள்.

முதலிலே கட்டுமரத்தைப் பார்ப்போம். பெயரே அதன் இலக்கணம். கனமற்ற மரத்துண்டுகளைச் செதுக்கி, பக்கம் பக்கமாக அடுக்கி, கயிற்றால் இறுகக் கட்டிவிட்டால் கலம் முடிந்தது. நடுமரம் சற்றுத் தாழ்ந்திருக்கும். முன்பக்கம் அலையை ஏறுமாறு மேல்நோக்கி வளைந்திருக்கும். ஆணி இல்லை, உள்ளறை இல்லை, ஆகவே இறைக்க வேண்டிய நீரும் இல்லை. அலை மேலே ஏறி, மரங்களின் இடைவெளியால் வழிந்து, தன் வழியே போய்விடும். கலம் நிரம்பி மூழ்கியது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலிற் காயவைப்பார்கள். நீரைக் குடித்த மரம் பாரமாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பாய் விரித்து ஓடும்போது காற்றுக்குப் பக்கவாட்டில் கலம் நழுவாதிருக்க, மரங்களின் இடுக்கிலே ஒரு பலகையை நீருக்குள் இறக்குவார்கள். இன்றைய பந்தயத் தோணிகளில் இதே வேலையைச் செய்யும் பலகைக்குப் பொறியியலாளர் நீண்ட கணக்குகள் எழுதுகின்றனர். சோழமண்டலக் கரையின் மீனவர் கணக்கு எழுதாமலே அதனைச் செய்தனர்.

ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் இந்தக் கலத்தையும் அதன் பெயரையும் குறித்து வைத்தார். அதன்பின் அச்சொல் ஆங்கிலக் கடலோடிகளின் வாயில் நிலைத்தது. மரங்களைக் கட்டி மிதக்கவிடும் எந்த மிதவைக்கும் அதனை வழங்கினர். இரட்டைத் தோணி என்னும் கருத்தோ நம் கரையில் முளைத்ததன்று. பசிபிக் மாகடலின் தீவுவாசிகள் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே இரண்டு நெடுந்தோணிகளை இணைத்துக் குடும்பத்தோடும் விதைகளோடும் தீவு தீவாகச் சென்று குடியேறினர். ஐரோப்பாவிலே 1660களில் சேர் வில்லியம் பெற்றி என்பார் இரட்டை உடற் கலங்களைக் கட்டிப் பார்த்தார். அவற்றுள் ஒன்றுக்குச் 'சோதனை' என்றே பெயர். அது கடலிற் புயலுக்கு இரையாயிற்று. அதனோடு அங்கே அந்த முயற்சியும் ஏறத்தாழ ஓய்ந்தது.

பெயரையும் பொருளையும் உலகறிய ஒன்று சேர்த்தவர் அமெரிக்கர் நதானியல் ஹெரஷாப். 1876ஆம் ஆண்டு யூன் மாதம், அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டை ஒட்டி நியூயோர்க்கில் ஒரு பாய்த்தோணிப் பந்தயம் நிகழ்ந்தது. ஹெரஷாப் ஏறக்குறைய 25 அடி நீளமுள்ள 'அமரிலிஸ்' என்னும் இரட்டை உடற் கலத்தைக் கொண்டுவந்தார். முதலில் அதனைக் கண்டு நகைத்தவர்கள், அது தம்மைக் கடந்து செல்வதைக் கண்டதும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இது தோணியே அன்று என்பது வாதம். பரிசு மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஹெரஷாப் தம் அமைப்புக்கு உரிமைப் பத்திரம் பெற்றார் என்றாலும், பெரிய சங்கங்கள் நெடுங்காலம் அவ்வகைக் கலங்களுக்குக் கதவடைத்தன. விரைவாக ஓடியது என்பதற்காக ஒரு தோணியைப் பந்தயத்திலிருந்து விலக்குவது, நன்றாக எழுதினான் என்பதற்காக மாணவனைப் பரீட்சையிலிருந்து விலக்குவது போன்றதென்றே எனக்குத் தோன்றுகிறது. நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் 1988இல், அமெரிக்கா கிண்ணப் போட்டியிலே நியூசிலாந்தின் மாபெரும் ஒற்றை உடற் கலத்தை அமெரிக்கர் இரட்டை உடற் கலத்தால் வென்றபோது அதே வழக்கு மீண்டும் எழுந்தது. இம்முறை நியூயோர்க் நீதிமன்றங்கள் வரை சென்று, 1990இல் தான் முடிந்தது. வென்றவர்கள் கிண்ணத்தை வைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதைக் கட்டுமரத்தில் தேடாமல் நீர்கொழும்பின் 'ஒருவ' என்னும் தோணியிலே தேட வேண்டும். குடைந்த அடிமரத்தின் மேல் பலகைகளைக் கயிற்றால் தைத்து உயர்த்தி, ஒரு பக்கத்தில் வளைந்த இரு கைகளை நீட்டி, அவற்றின் நுனியில் மிதவை மரம் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். மிதவை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். ஆதலால் திசை மாற்றும்போது தோணியைத் திருப்புவதில்லை. பாயை மாற்றிக் கட்டி, பின்பக்கத்தை முன்பக்கமாக்கிக்கொண்டு ஓடுவார்கள். இருபுறமும் முகப்புடைய தப்ரபேன் கப்பல்களைப்பற்றி உரோம நாட்டுப் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். காற்று வலுத்து மிதவை நீரைவிட்டு எழும்பினால் ஓர் ஆள் அந்தக் கைகளின்மேல் ஊர்ந்து சென்று மிதவைப் பக்கத்தில் அமர்வான். மேலும் வலுத்தால் இரண்டாமவன் போவான். காற்றின் வலிமையை ஓராள் காற்று, ஈராள் காற்று, மூவாள் காற்று என்று அளந்து சொன்னார்கள் எனப் பழைய இலங்கைக் குறிப்புகள் கூறும். காற்றை மனித உடலால் நிறுத்த இந்த அளவைக்கு ஈடான சொல்லாட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. இன்றைய பந்தயக் கலங்களிலே பாய்மரத்திலிருந்து தொங்கும் கம்பியில் இடுப்பைக் கோத்து நீரின்மேல் மல்லாந்து தொங்கும் விளையாட்டு வீரன் அந்த நீர்கொழும்பு மீனவனின் நேர் வாரிசே.

இரட்டை உடலுக்கு அவ்வளவு விரைவு எங்கிருந்து வருகிறது? மாணவர்க்கு இதை விளக்குவது எளிது. ஓடும் தோணி தன் முகப்பில் ஓர் அலையை எழுப்புகிறது. விரைவு கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடி, ஒரு கட்டத்தில் தோணியின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அப்போது தோணி தானே வெட்டிய பள்ளத்தில் தானே கிடந்து ஏறமுடியாமல் தவிக்கும். 18 அடி நீளமுள்ள சாதாரண தோணிக்கு இந்த எல்லை மணிக்கு ஏறக்குறைய ஐந்தே முக்கால் கடல்மைல். உடலை மிக மெலிதாக்கினால் எழும் அலை சிறிதாகி, எல்லையைத் தாண்டலாம். ஆனால் மெலிந்த உடல் நிற்காது, உருளும். ஆகவே மெலிந்தவை இரண்டை அகலப் பிரித்து இணைத்துவிட்டால் ஒன்றையொன்று தாங்கும். ஈயக் குண்டைச் சுமந்து நிமிர்ந்து நிற்கும் பழைய தோணிக்கு மாறாக, இது அகலத்தால் நிற்கிறது. இன்று தனியாள் ஓட்டும் 'ஏ' வகுப்புப் பந்தயக் கலத்தின் விதிகளைப் பாருங்கள்: நீளம் 5.49 மீற்றர், அகலம் 2.30 மீற்றர், பாய்ப்பரப்பு 13.94 சதுர மீற்றர், எடை 75 கிலோவுக்குக் குறையலாகாது. ஓர் ஆளின் எடையே உள்ள கலம் ஓர் ஆளைச் சுமந்து ஓடுகிறது. இந்த எல்லைகளுக்குள் உடலின் வடிவையும் பாயின் வெட்டையும் எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம் என்பது அந்த வகுப்பின் அழகு.

இனி மலைக்கு வருவோம். கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய காசல்ரீ நீர்த்தேக்கம் 1965 முதல் டிக்கோயா, நோர்வூட் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளின் காலடியிற் கிடக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் பின்னாக மவுசாகலையும் நிறைந்தது. பழைய மஸ்கெலியா நகரம் அதன் அடியிலே போயிற்று. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் கட்டடம் வெளியே தலைகாட்டும். நுவரெலியாவின் கிரகரி வாவி இவற்றினும் மூத்தது. ஆள்பதி கிரகரி காலத்தில் 1873இல் அமைந்தது. மலைநாட்டு மக்களின் கண்முன்னே இவ்வளவு நீர் இருந்தும், அதனோடு நமக்குள்ள உறவு குளிப்பதும் துணி வெளுப்பதும், ஆண்டுதோறும் இளைஞர் எவரையேனும் அதற்குப் பறிகொடுப்பதுமாகவே இருந்துவருகிறது.

நான் விஞ்ஞானம் கற்பிப்பவன். விசையையும் அடர்த்தியையும் கரும்பலகையில் மட்டும் எழுதிச் சலித்துப்போய், உயர்தர வகுப்பு மாணவர் சிலரோடு மூன்றடி நீளத்தில் மாதிரி இரட்டைத் தோணிகள் செய்யத் தொடங்கினேன். மரத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. தேயிலைக்கு நிழல் தர வளர்த்த அல்பீசியா மரம் புயலுக்கு முறிந்து தோட்டங்களில் கிடப்பது வழக்கம். கட்டுமரத்துக்கு விரும்பித் தெரிந்தெடுக்கும் மரங்களுள் அல்பீசியாவும் ஒன்று! விறகாகப் போக இருந்த கட்டையை மாணவர் தட்டிப் பார்த்துத் தூக்கிப் பார்த்தபோது, கடற்கரை மீனவன் ஏன் இதனை நாடினான் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாய்க்கு உரச்சாக்கின் உள்ளுறை. அதன் குறுக்கே விறைப்புக்கு மூங்கிற் சிம்புகள்.

மாதிரியிலே கண்டது பெரிய கலத்துக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழும். 1872இல் இங்கிலாந்தின் ரோர்க்கே நகரில் நீண்ட நீர்த்தொட்டி அமைத்து மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்த வில்லியம் புரூட் இதற்கு விடை தந்துவிட்டார்: நீளம் நான்கிலொன்றாகக் குறைந்தால், பாதி விரைவில் அதே அலைக்கோலம் தோன்றும். எங்கள் மூன்றடி மாதிரி பன்னிரண்டடித் தோணியின் பாதி விரைவில் ஓடினால் போதும். ஆனால் கவிழும் நியதி வேறு. ஒரே காற்றில், கவிழ்க்கும் வலு நீளத்தின் மும்மடியாகவும் நிமிர்த்தும் வலு நான்மடியாகவும் மாறுவதால், சிறு மாதிரி எப்போதும் பெரிய கலத்தினும் எளிதாகக் கவிழும். அதனால் மாதிரிக்குப் பாயைச் சற்றுக் குறைத்தே கட்டினோம்.

உடல்களின் இடைவெளியே முதற் சோதனை. பயன்பாடற்ற நீண்ட சீமெந்துத் தொட்டி ஒன்றில், கப்பியின் மேலாகச் சென்று தொங்கும் எடைக்கல்லால் மாதிரியை இழுத்தோம். நீரின் மேல் கழிவுத் தேயிலைத் தூளைத் தூவிவிட்டால் ஓட்டத்தின் கோலம் தெளிவாகத் தெரியும். உடல்கள் நெருங்கியிருந்தபோது இரண்டு முகப்பலைகளும் நடுவே மோதிக் குவிந்து, தோணியைப் பிடித்து நிறுத்தின. சிறிது சிறிதாக விரித்தபோது அந்தக் குவியல் பின்னே நகர்ந்து, இறுதியிற் கலத்துக்குப் பின்னாலே கழிந்தது. விரிக்கும் தோறும் குறுக்குச் சட்டம் நீண்டு, பாரமும் நெளிவும் கூடுவதையும் மாணவர் கண்டார்கள். எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குள் நிகழ்ந்த வாதம் இரண்டு பாடவேளைகளை விழுங்கிற்று.

ஆனால் தொட்டி பாயைப்பற்றி எதுவும் சொல்லாது. அதற்குக் காற்று வேண்டும்; காற்றோ ஒரு கணம் இருந்ததுபோல் மறுகணம் இருப்பதில்லை. இந்தப் பாய் நேற்று நன்றாக ஓடிற்று என்று சொல்வதற்குப் பொருளே கிடையாது. நேற்றைய காற்று வேறு. ஆகையால் இரண்டு தோணிகளை ஒன்றாகச் செய்து, ஒன்றில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒரே காற்றில் அருகருகே விட வேண்டும். பின்பு பாய்களைத் தோணி மாற்றிக் கட்டி மீண்டும் விட வேண்டும். வென்றது பாயா தோணியா என்பது அப்போதுதான் வெளிப்படும். பந்தயம் என்பதைப் புகழுக்கான ஓட்டம் என்று எண்ணியிருந்த பிள்ளைகளுக்கு, அது ஒரு தராசு என்பது புரிந்த நாள் எனக்கு மறக்கமுடியாதது. தட்டையான பாயும் மிதமாகக் குழிந்த பாயும் ஓடின. மென்காற்றில் குழிந்த பாய் வென்றது. வன்காற்றில் தட்டையானது வென்றது. முடிவு புத்தகத்தில் உள்ளதுதான். ஆயினும் கரையோரச் சேற்றில் ஓடிக் கண்டறிந்தவனுக்கு அது புத்தகச் செய்தி அன்று.

மலைக் காற்றுக்கென்று இரண்டு இயல்புகள் உண்டு. ஒன்று, அது மெலிந்த காற்று. நுவரெலியா கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே அமுக்கம் குறைவு. குளிர் அதனை ஓரளவு ஈடுசெய்தாலும், கணக்கிட்டுப் பார்த்தால் கொழும்புக் கரைக் காற்றிலும் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைகிறது. பாயைத் தள்ளும் விசை அடர்த்தியைப் பொறுத்தது. ஆகவே அதே விரைவுள்ள காற்றில், கொழும்பில் 10 சதுர மீற்றர் பாய் செய்யும் வேலைக்குக் கிரகரி வாவியில் 12 வேண்டும். காசல்ரீயில் 11 போதும். இரண்டாவது, அது சீரற்ற காற்று. தென்மேல் பருவத்தில் சிவனொளிபாதமலைப் பக்கமிருந்து இறங்கும் காற்று ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் திரும்பி, ஒவ்வொரு முனையிலும் முறிந்து வருகிறது. சும்மா கிடந்த நீரில் திடீரெனக் கருமை படரும். அடுத்த நொடி தோணியின் மூக்கு நீரிற் புதையும். கடற்கரைக்கு வெட்டிய பாயை இங்கே கொண்டுவந்து கட்டுவதிற் பயனில்லை. பாய் பெரிதாகவும் இருக்க வேண்டும்; மோதும் காற்றை மேல்நுனியால் வழியவிடவும் வேண்டும். வளையும் மூங்கிற் பாய்மரம் இதற்கு ஏற்றதென்பது மாதிரியில் தெரிகிறது. தோணியின் முகப்பைப் பருமனாக்கினால் மூக்குப் புதைவது குறைகிறது.

இப்படிப்பட்ட ஒரு மாலையில் மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், நம்ம ஆளுங்க எல்லாம் கடல் தாண்டி வந்தவங்கதானே? அப்புறம் ஏன் ஒருத்தருக்கும் தோணி தள்ளத் தெரியல?"

நல்ல கேள்வி. மறுமொழி இனிப்பானதன்று. நம் முன்னோர் கடலைத் தாண்டினார்கள், கடலை ஓட்டவில்லை. திருச்சி, சேலம், புதுக்கோட்டை எனப் புஞ்சைச் சீமைகளிலிருந்து புறப்பட்டு, பிறர் ஓட்டிய படகுகளில் சரக்கைப் போல ஏற்றப்பட்டு மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாய் மலையேறினார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபின் வந்தவர்க்கும் கடல் சில மணிநேரக் குமட்டல், அவ்வளவே. 1964 திசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழியும் அறுந்தது. கட்டுமரம் சோழமண்டலக் கரையின் மீனவருடைய அறிவு. மொழியால் நாம் அதன் சுற்றத்தார், பிறப்பால் அல்லர். பெருமை கொண்டாடும்போது அவர்களைப் பெயர் சொல்லிக் கொண்டாடுவது நேர்மை. அவர்களிடத்திலும் அக்கலம் இன்று அருகிவிட்டது. இயந்திரமும் கண்ணாடியிழைப் படகும் வந்தன. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் நிவாரணமாகக் கிடைத்த படகுகள் அம்மாற்றத்தை மேலும் விரைவுபடுத்தின. அந்த மாணவனிடம் இத்தனையும் சொன்னேன். அவன் சிறிது நேரம் நீரைப் பார்த்திருந்துவிட்டு, "அப்போ நாமதான் புதுசா பழகணும்" என்றான்.

பழகுவதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை என்பதற்கு இத்துறையின் வரலாறே சான்று. 1950களில் இங்கிலாந்தின் கான்வித் தீவிலே புரௌற் சகோதரர் இருவர் சிறு ஓடங்கள் இரண்டை இணைத்துப் பார்த்ததில் தொடங்கி, 'ஷியர்வாட்டர்' என்னும் பந்தயக் கலத்தை ஆக்கினர். ஜேம்ஸ் வாரம் தாமே கட்டிய ஏறக்குறைய 24 அடி இரட்டைத் தோணியில் 1955-56இல் இரு பெண் துணைவரோடு அத்லாந்திக்கைக் கடந்தார். கலிபோர்னியாவின் ஹோபி ஆல்ற்றர் அலைச்சறுக்குப் பலகை செய்பவர். மணற்கரையில் இழுத்து ஏற்றத்தக்க கலத்தை அவர் வகுத்தபோது அடியில் பலகையே வைக்கவில்லை. ஒவ்வோர் உடலின் வெளிப்பக்கத்தைத் தட்டையாகவும் உட்பக்கத்தை வளைவாகவும் ஆக்கி, அந்த வடிவே நழுவலைத் தடுக்குமாறு செய்தார். 1967இல் உருவான 'டோர்னடோ' 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக் பந்தயங்களில் ஓடிற்று. 2013இல் அமெரிக்கா கிண்ணத்துக்கு ஓடிய பெருங்கலங்கள் நீருக்குள் அமிழ்ந்த சிறகுகளால் உடலையே மேலே தூக்கிக்கொண்டு பறந்தன. அவை கோடிகளின் விளையாட்டு. நமக்குரிய முன்மாதிரி ஹோபியே. காசல்ரீயின் நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குகிறது. கரையோரம் எங்கும் பழைய தேயிலை அடிக்கட்டைகளும் கற்களும் உள்ளன. நீருக்குள் நீண்டிருக்கும் பலகை முதல் நாளே உடையும்.

பன்னிரண்டடித் தோணிக்கு அடிச்சட்டம் இப்போது பாடசாலைத் தச்சுக் கூடத்தில் ஏறியிருக்கிறது. இடப்பக்க உடல் முடிந்துவிட்டது. வெளிப்பக்கம் தட்டை, உட்பக்கம் வளைவு. நீச்சல் கற்று, உயிர்காப்பு அங்கி அணிந்தவர் தவிர எவரும் அதில் ஏறுவதில்லை என்று முதலிலேயே விதி எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அனுமதிக் கடிதம் ஒன்றும் மேலிடத்துக்குப் போயிருக்கிறது. வலப்பக்க உடலை மாணவர் வேறுவிதமாகச் செய்ய விரும்புகின்றனர்: அடியில் ஒரு பிளவு விட்டு, வேண்டும்போது மேலே இழுக்கத்தக்க பலகையை, கட்டுமரத்தின் இடுக்கில் இறக்குவதுபோலவே, இறக்கிப் பார்ப்பதாம். ஒரே தோணியில் இரண்டு முறைகளையும் வைத்தால், இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறிக் காற்றேற்றும்போது எது குறைவாக நழுவுகிறது என்று அளக்கலாம் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நான் தோற்றேன். பலகைக்கு அரை அங்குலத் தடிப்பில் நல்ல பலாமரம் தேடிக்கொண்டிருக்கிறோம்.